பொன் விகிதத் தேடல்: ஒரு திறனாய்வு

பொன் விகிதத் தேடல் என்பது ஒரு சார்பின் சிறுமத்தை வகைக்கெழு இல்லாமல் கண்டறியும் எண்முறை. 1953-இல் ஜாக் கீஃபர் இதனை வெளியிட்டார். ஒவ்வொரு படியிலும் தேடும் இடைவெளி 0.618 மடங்காகச் சுருங்கும். 120 நிமிட இடைவெளி 10 படிகளில் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஆயினும் இச்சுருக்கத்தையே விடையின் துல்லியமாகக் கொள்வது தவறு.

சந்திர கிரகணத்தின் நடுநேரத்தில், நிலவின் மையத்துக்கும் புவி நிழலின் மையத்துக்கும் உள்ள தொலைவு சிறுமமாகும். சிறுமத்தின் அருகே வளைவு தட்டையானது: நேர விலகல் பத்தில் ஒன்றானால், தொலைவின் வேறுபாடு நூறில் ஒன்றாகிவிடும். எனவே தொலைவுக் கணக்கில் சிறு பிழை இருந்தாலும், மதிப்புகளை ஒப்பிட்டு நகரும் இம்முறை சரியான பக்கத்தையே நீக்கிவிடக்கூடும்.

மூலத்தரவின் பிழையையும் இது திருத்தாது. 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு, சோழிகளைத் தரையில் வைத்துச் சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் ‘காலசங்கலித’ நூலில் பதிவு செய்துள்ளார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்; நடுநேரத்தில் 23; முடிவில் 52. அவர் தேடவில்லை, நேரடியாகக் கணித்தார். அதே வாக்கிய எண்களை வைத்துப் பொன் விகிதத் தேடலை நூறு படி நடத்தினாலும், அவ்வெண்களில் உள்ள பிழை குறையாது.