அனுமதி கேட்காத துண்டு

தன் படத்தையும் பெயரையும் சினிமா வசனத்தையும் அச்சடித்து ஒரு சென்னை நிறுவனம் டி-ஷர்ட் விற்கிறது, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று 2026 ஜனவரியில் கமல்ஹாசன் உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. கேலிச் சித்திரத்துக்கும் பகடிக்கும் இந்தத் தடை பொருந்தாது என்றும் நீதிமன்றம் சொல்லிவைத்தது. ஒரு நடிகர் போட்ட வழக்காகத்தான் பலரும் இதைப் படித்தார்கள். ஆனால் அவர் 2018-ல் கட்சி தொடங்கியவர், 2025 ஜூலை முதல் மாநிலங்களவை உறுப்பினர். நடிகருக்கு முகம் பிழைப்பு. அதை அடுத்தவர் விற்றுக் காசாக்கினால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். கட்சித் தலைவரின் முகம் வேறு மாதிரி. சுவரிலும் ஆட்டோ முதுகிலும் சட்டைப் பையிலும் ஓசியில் பரவவேண்டும் என்று அவரே ஆசைப்படும் முகம் அது. டி-ஷர்ட்டில் ஏறும்போது மட்டும் அதற்கு வாடகை கேட்கலாமா?

கேட்கக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் விற்பவரை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததல்ல. காந்தியின் பெயரிலும் பகத்சிங்கின் பெயரிலும் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் போட்டு விற்ற சென்னை குஜிலிச் சந்தைக் கடைக்காரர்கள் எந்தக் காங்கிரஸ் கமிட்டியிடமும் சீட்டு வாங்கவில்லை. அன்றைய அரசு அவற்றில் பலவற்றைத் தடை செய்தது. தலைவர்கள் தடை கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து மலிவு அச்சு இன்று வரலாற்றுச் சான்றாகிவிட்டது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் குளிர்பதன அறையில் வைத்துக் காப்பாற்றுகிறது. அதே தரமணியில் ஆடை வடிவமைப்பு கற்றுத்தரும் தேசிய நிறுவனமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையில் மாநாட்டுக் காலங்களில் தொங்கும் கட்சித் துண்டுகளை யாரும் பத்திரப்படுத்தப் போவதில்லை. போகட்டும்.

கரைவேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு-சிவப்புக் கரையும் நடுவே வெள்ளை ஓடும் கரையும் ஒரே ஜவுளிக்கடையில், ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும். தி.மு.க.வின் அண்ணா அறிவாலயத்துக்கோ ராயப்பேட்டை அ.தி.மு.க. அலுவலகத்துக்கோ கடைக்காரர் பங்கு அனுப்புவதில்லை. அந்த வேட்டி இல்லாமல் தமிழ்நாட்டு அரசியலைக் கற்பனை செய்ய முடியுமா? 2024 ஆகஸ்டு 22 அன்று பனையூரில் விஜய் தன் கட்சியின் யானைக் கொடியை ஏற்றினார். அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு-மஞ்சள் துண்டு. அத்தனையையும் கட்சியே தைத்துக் கொடுத்திருக்காது. ஒரு பக்கம் மட்டும் அச்சு ஏறிய பாலியஸ்டர், யானையின் தும்பிக்கை மடிப்பில் வெட்டுப்பட்டு நிற்கும். அதையும் சொந்தக் காசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தச் சொந்தக் காசுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேர்தல் காலத்தில் தொப்பியும் துண்டும் முகமூடியும் கொடுக்கலாம், செலவுக் கணக்கில் காட்டவேண்டும் என்கிறது தேர்தல் ஆணையம். சேலை, சட்டை போன்ற உடுப்பு கொடுத்தால் அது லஞ்சமாகப் பார்க்கப்படலாம். ஆக, கட்சி இலவசமாக நீட்டும் துணி சந்தேகத்துக்குரியது. பிளாட்பாரத்துக்காரர் விற்கும் துணி அப்படியல்ல. காசு கொடுத்து வாங்குகிறவர் தொண்டரோ ரசிகரோ, யாருக்கும் கடன்பட்டவரில்லை.

குறை எங்கே என்றால், அந்தக் காசு எங்கே போகிறது என்று வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில். ‘கட்சி நிதிக்கு’ என்று வாயால் சொல்லி விற்பது பச்சை மோசடி. அதில் விவாதம் இல்லை. சொல்லாமலே அப்படி நினைக்கவைப்பதுதான் சிக்கல். தலைவரின் கையெழுத்து, தலைமைக் கழக முத்திரை, அதிகாரபூர்வம் போன்ற வடிவமைப்பு எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. இன்னொரு ஓட்டையும் உண்டு. தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-A. கழுத்துத் துண்டில் அதை யார் தேடுகிறார்கள்? வேட்பாளரின் மைத்துனர் ஆயிரக்கணக்கில் வாங்கி இறக்கிவிட்டு, ‘பசங்க ஆசையா வாங்கிப் போட்டுக்கிட்டாங்க’ என்றால் மறுப்பது கஷ்டம்.

சட்டம் இந்த விஷயத்தில் விநோதமாக நடந்துகொள்கிறது. சின்னங்கள், பெயர்கள் முறையற்ற பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், 1950, காந்தி, நேரு, இந்திரா, பதவியிலிருக்கும் பிரதமர் ஆகியோரின் பெயரையும் படத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அச்சிட்டவர் பெயர் மட்டும் இருக்கும் காலண்டருக்கு விலக்குத் தருகிறது. காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி பிழைத்தது. 2016-ல் ஜியோ தன் விளம்பரத்தில் பிரதமர் மோடி படத்தைப் பெரிதாகப் போட்டபோது இந்தச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்று நாடே சிரித்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிளாஸ்டிக் மார்பளவுச் சிலையை அனுமதியின்றி விற்றவருக்கு எதிராக ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்புச் சொன்னது: உருவத்தை விற்கும் உரிமை இறந்த பின்னும் வாரிசுகளுக்குண்டு. நம் ஊரில், ஜெயலலிதா வாழ்க்கைப் படத்துக்கு எதிராக அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. எனக்கு இதில் நம் நீதிமன்றத்தின் பக்கமே சாய்வு. தலைவரின் முகத்தைக் குடும்பச் சொத்தாக்கினால், நாளைக்குப் பெரியார் படம் போட்ட பனியனுக்கும் யாராவது கட்டணம் வசூலிக்க வருவார்கள்.

கட்சிக்கொடியின் கதை வேறு. அ.தி.மு.க. கொடியையும் சின்னத்தையும் ஓ. பன்னீர்செல்வம் பயன்படுத்தக் கூடாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தது, முன்னாள் முதலமைச்சர் என்றும் பாராமல். அவருக்கு மறுக்கப்பட்ட கொடியைக் கடைக்காரர் யாருக்கும் விற்கலாம். முரணாகத் தோன்றினாலும் சரியான பிரிவினைதான்: நான் இந்தக் கட்சி என்று உரிமை கொண்டாடுவது வேறு, துணி விற்பது வேறு.

அதனால் டி-ஷர்ட்டையும் துண்டையும் தடுக்கச் சொல்ல மாட்டேன். ஓரத்தில் தயாரிப்பாளர் பெயரும், ‘கட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று ஒரு வரியும் தமிழில் அச்சிடச் சொல்வேன். அப்படிப் போட்டால் விற்பனை படுத்துவிடும் என்பார் வியாபாரி. படுத்துவிடும் என்றால், இதுவரை வாங்கியவர்கள் கட்சிக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் அவரிடம் காசு கொடுத்திருக்கிறார்கள்.