மொறுமொறுப்புக்கு எத்தனை மதிப்பெண்?

பஜ்ஜி, பக்கோடா, ரோஸ்ட், வறுவல் என்று எதைப் புகழ்வதானாலும் இன்று முதலில் வாயில் வருவது 'மொறுமொறு'தான். சமையல் காணொளிகளில் பொரித்ததை எண்ணெயிலிருந்து எடுத்ததும் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி ஓசையைக் கேட்கவைக்கிறார்கள். ருசிக்கு அதுவே சான்றிதழ். இட்லியைத் தட்டிக் காட்ட முடியாது. களியைத் தட்டினால் கேட்க ஒன்றுமில்லை. வாய் உணரும் பதங்களுக்குள் மொறுமொறுப்புக்கே முதலிடம் என்பது யாரும் எழுதிவைக்காமலே நிலைத்துவிட்ட தீர்ப்பு. அது சரிதானா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பதத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, ருசிதானே முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு மாவுப் பாத்திரமே பதில் வைத்திருக்கிறது. அரிசியும் உளுந்தும் ஆட்டிய ஒரே மாவு இட்லியாகிறது, கல்தோசையாகிறது, ஊத்தப்பமாகிறது, பணியாரமாகிறது. புளிப்பும் உப்பும் நான்கிலும் ஒன்றே. சிவந்த இடங்கள் கொஞ்சம் மணம் கூட்டும், அவ்வளவுதான். ஆனாலும் இட்லி கேட்ட பிள்ளையிடம் தோசையை நீட்டிச் சமாளித்துவிட முடிகிறதா? பிள்ளை கேட்டது சுவையை அல்ல, பதத்தை. ஒரு சமையல் மரபு தன் புத்தியின் பெரும்பகுதியைச் செலவிட்டிருப்பது இங்கேதான். இதை ரசனைக்கேற்ப மாறும் சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நிறுக்க ஒரு தராசு வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலினா ஷெஸ்னியாக் 1963-இல் உணவின் பதங்களை வகைப்படுத்தினார். கடினம், ஒட்டுந்தன்மை, மீள்தன்மை போன்ற விசை சார்ந்த குணங்கள் ஒரு பக்கம். துகளின் அளவும் வடிவமும் ஒரு பக்கம். ஈரமும் கொழுப்பும் இன்னொரு பக்கம். அதே ஆண்டு அவருடைய சக ஆய்வாளர்கள் இதைச் சோதிக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். ஓர் உணவை மூன்று கட்டங்களில் பார்க்கச் சொல்கிறது அது: முதல் கடியில் என்ன நடக்கிறது, மெல்லும்போது எப்படி மாறுகிறது, விழுங்கும் தறுவாயில் வாயில் என்ன மிஞ்சுகிறது. ஆய்வுக்கூடத்துக்காக வகுத்த இந்த வரிசை ரசிகனுக்கும் பொருந்தும். இன்பம் ஒரு நொடியில் முடிவதல்ல என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது.

முதல் கட்டத்தில் மொறுமொறுப்போடு போட்டியிட ஆளில்லை. பொரியும்போது மாவிலுள்ள நீர் ஆவியாகிப் பாய்ந்து வெளியேறுகிறது. அது விட்டுப்போன வெற்றிடங்களைச் சுற்றிக் காய்ந்த மாவுச்சத்து கண்ணாடியைப் போல விறைத்து நிற்கிறது. பல் பட்டதும் அந்தச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. ஓசை காற்று வழியாகவும் தாடையெலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. அந்த ஓசை மொறுமொறுப்பின் உணர்வையே மாற்றுகிறது என்பதை மாசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, உயர் அதிர்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் கடித்தவரின் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஓசை கூடியபோது அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் 2008-இல் இதற்கு வந்தது.

இந்த ஆய்வை மொறுமொறுப்பின் வெற்றிப் பத்திரமாக மேற்கோள் காட்டுவது வழக்கம். கவனித்துப் படித்தால் அது அவ்வளவு தூரம் போகவில்லை. கலந்துகொண்டவர்கள் முன்பல்லால் ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிட்டார்கள், மெல்லவில்லை, விழுங்கவுமில்லை. எவ்வளவு மொறுமொறுப்பு, எவ்வளவு புதிது என்றுதான் மதிப்பிட்டார்கள். மூன்று கட்டங்களில் முதல் கட்டம் மட்டுமே அங்கே அளக்கப்பட்டது. காதும் சாப்பிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. காதுக்குப் பிடித்ததே உயர்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாம் கட்டத்தில் கதை மாறுகிறது. விறைத்து நின்ற மாவுச்சத்துக்கு ஈரம் ஆகாது. எச்சில் பட்டதும் தளர்ந்து, மூன்று நான்கு மெல்லலில் பசையாகிவிடுகிறது. மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவில் அப்பளம் நமுத்துப் போவதும் இதே வேதியியல்தான். வாய்க்குள் அது விரைவாக நடக்கிறது. அந்தப் பசைக்குப் பிறகு பாக்கெட் சிப்ஸிடம் மிஞ்சுவது அண்ணத்தில் படியும் எண்ணெயும் உப்பும். அந்த எச்சத்தை மறக்கத்தான் கை மறுபடி பாக்கெட்டுக்குள் போகிறது. ஒவ்வொரு வில்லையும் முதல் கடியைத் திரும்பத் திரும்பத் தருகிறது. அதைத் தாண்டி எங்கும் கூட்டிப்போவதில்லை.

எல்லா மொறுமொறுப்பையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடுவார்கள். உள்ளே பதுங்கிய ஈரமும் போய்விடுவதால் அது பல்லோடு நேரம் எடுத்துப் போராடுகிறது. தேன்குழல் எதிர்த்திசை, வெண்ணெய் சேர்ந்திருப்பதால் உடைந்த கையோடு கரைகிறது. இந்த இனத்தில் முழு மதிப்பெண்ணை நெருங்குவது, 2020-இல் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய். வெல்லப் பாகு, தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று ஒலிக்கும் பதம் வரை காய்கிறது. முதல் கடியில் பாகு உடைகிறது. மெல்லும்போது கடலை எண்ணெய் விட்டு மசிகிறது. கடைசியில் பாகு கரைந்து, வெல்ல மணத்தோடு கடலைத் துகள் நிற்கிறது. மொறுமொறுப்பு அங்கே தொடக்கம்; அதற்குப் பின்னும் கதை இருக்கிறது. அப்பளத்துக்கு அந்தக் கதையை சாம்பார் சாதம்தான் தர வேண்டும். தனியாக நிற்க முடியாத கெட்டிக்காரத் துணை அது.

மென்மைக்கு வருவோம். இட்லி முதல் கட்டத்தில் ஏறக்குறைய ஊமை. ஆனால் விரல் அழுத்தினால் மீண்டு எழும் அந்தப் பஞ்சுத்தன்மை அரிசியும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தால் கிடைக்காது. இரவெல்லாம் லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும், உளுந்திலுள்ள அராபினோகாலக்டன் என்ற வழவழப்பான மாச்சத்தும் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. ஆவி அவற்றை வேகவைத்து நிலைநிறுத்துகிறது. மெல்லும்போது அந்தக் குமிழறைகளுக்குள் புகுந்த சாம்பார் வெளியேறுகிறது. விழுங்கியபின் வாய் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் இட்லி சிப்ஸை எளிதாகத் தோற்கடிக்கிறது.

மென்மைக்கும் எல்லை உண்டு. ஜவ்வரிசியோ ஆமணக்கு விதையோ சேர்த்துச் செய்யும் குஷ்பு இட்லி பார்வைக்கு அழகு, தொடுவதற்கு அதைவிட அழகு. ஆனால் எதிர்ப்பே இல்லாத இடத்தில் மெல்லுவதற்கு வேலையில்லை; வாய் சீக்கிரம் சலித்துவிடுகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலோடு பேர் பெற்ற காஞ்சிபுரம் இட்லி மாவைக் கொரகொரப்பாகவே அரைக்கச் சொல்கிறது. மிளகும் சீரகமும் இடையிடையே அகப்படுகின்றன. மென்மைக்குள் சின்னத் தடங்கல்களை வைக்கத் தெரிந்தவர்களின் பலகாரம் அது. 'பஞ்சு மாதிரி' என்பதை மட்டுமே பாராட்டாகக் கருதும் நம் பழக்கம் அதைச் சற்றுக் குறைத்தே மதிக்கிறது.

இந்த நிறுவையில் அதிகம் வஞ்சிக்கப்பட்டது வழவழப்பு. வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்கப் புளி விடுகிறோம், மோர் தெளிக்கிறோம், எண்ணெயில் வதக்குகிறோம். கெட்டுப்போன உணவும் வழவழக்கும் என்பதால் இந்த அருவருப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை நாம் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை. வெண்டைக்காயிடம் வெறுக்கும் வழவழப்பை உளுந்திடம் கேட்டு வாங்கித்தான் இட்லி ஊற்றுகிறோம். பலாவில் கடித்துத் தின்னக்கூடிய வருக்கைக்குத்தான் மவுசு. வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போகும் கூழனை இரண்டாந்தரமாக்கிவிட்டோம். அதே வாய் திருநெல்வேலி அல்வாவுக்கு ஏங்குகிறது. கோதுமைப் பாலின் மாவுச்சத்து சர்க்கரையோடு கிளறக் கிளற இறுகி, நெய்யைக் குடித்துத் திருப்பிக் கக்கும் நிலையில் இறக்கிய அல்வாவிடம் கடியே கிடையாது. நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே நழுவுவதுதான் அதன் முழு இன்பம். வெறுப்பு வழவழப்பின் மேல் அல்ல, சர்க்கரையும் நெய்யும் இல்லாத வழவழப்பின் மேல்தான் என்று தெரிகிறது.

நுங்குக்கு இந்தச் சலுகைகூடத் தேவையில்லை. மெல்லிய துவர்ப்புத் தோல், அதற்குள் குழைவான சதை, அதற்குள் அடைபட்ட குளிர்ந்த நீர். பல் முதலில் தோலைச் சந்திக்கிறது, அடுத்து சதை விட்டுக்கொடுக்கிறது, பிறகு நீர் தெறிக்கிறது. மூன்று கட்டங்களையும் ஒரு காய் தனக்குள்ளேயே அடுக்கி வைத்திருக்கிறது. சில நாள் முற்றினால் கடுக்காயாகிவிடும் என்பதே அதன் ஒரே குறை.

தராசிலும் ஒரு குறை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் களியை மெல்லுவதில்லை. உருண்டையிலிருந்து கிள்ளி, கீரைக் குழம்பிலோ கருவாட்டுக் குழம்பிலோ புரட்டி, அப்படியே விழுங்குகிறார்கள். இன்பம் தொண்டையில், அந்தச் சூடான கனம் இறங்குவதில். முதல் கடி, மெல்லல் என்று பிரித்த படிவத்தில் களிக்கு முதல் இரண்டு கட்டங்களும் காலி. அதைப் பூஜ்யம் என்று போட்டால் தவறு களியுடையதல்ல. பல்லை நடுவில் வைத்து வரைந்த அளவுகோல் பல்லுக்கு வேலையுள்ள உணவுகளுக்கே சாதகமாக இருக்கும். எனவே களியை இந்தப் போட்டியில் சேர்க்காமல், தனக்கென ஓர் அளவுகோல் கேட்கும் உணவாக நிறுத்தி வைப்பதே நேர்மை.

மொறுமொறுப்பின் தரப்பிலிருந்து இரண்டு வாதங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, அது இயற்கையான விருப்பம் என்பது. மானிடவியலாளர் ஜான் ஆலன் 2012-இல் வெளிவந்த தம் நூலில், நம் மூதாதையர் தின்ற பூச்சிகளிலும் புதிய தாவரங்களிலும் இந்த விருப்பத்தின் வேரைத் தேடுகிறார். இருக்கலாம். ஆனால் விருப்பம் எங்கிருந்து வந்தது என்பது அதன் தரத்தைச் சொல்லாது. தாய்ப்பாலும் பழக்குழைவும் அதே அளவு பழைய விருப்பங்கள்தாம். இரண்டாவது, உலகமே அதைத்தானே விரும்புகிறது என்பது. இங்கே ருசியைவிட வணிகம் அதிகம் பேசுகிறது. காய்ந்த பண்டம் நைட்ரஜன் அடைத்த பையில் மாதக்கணக்கில் இருக்கும், லாரி ஏறும், கடையில் தொங்கும். நுங்கும் ஆப்பமும் சூடான இட்லியும் அப்படிப் பயணம் போகாதவை. எது எளிதில் விற்கிறதோ அதன் ஓசைதான் விளம்பரத்தில் அதிகம் கேட்கும்.

இனி ஒரே தராசில் இரண்டு பலகாரங்களை வைத்துப் பார்த்துவிடலாம். ஹோட்டல் மேஜையின் நாயகன் பேப்பர் ரோஸ்ட். நீளமும் மெல்லிசும் பார்வைக்கு விருந்து. முதல் கடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்னி பட்ட இடம் உடனே துவள்கிறது. பேச்சில் கொஞ்சம் நேரம் போனால் மீதியும் தோலாக இழுக்கிறது. மெல்லுவதற்கு உள்ளே சதையில்லை. அதன் மொறுமொறுப்பு போனால் அதனிடம் வேறொன்றும் இல்லை.

ஆப்பம் அப்படியல்ல. புளித்த அரிசி மாவை ஆப்பச்சட்டியில் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினால், விளிம்பில் ஏறிய மெல்லிய மாவு காய்ந்து சரிகையாகிறது. நடுவில் தங்கிய மாவு மூடிக்குள் ஆவியில் வெந்து பஞ்சாகிறது. ஒரே மாவு, ஒரே சட்டி, ஒரே நேரம், இரண்டு பதங்கள். விளிம்பு பல்லுக்கும் காதுக்கும் வேலை தருகிறது. நடுப்பகுதி தேங்காய்ப்பாலைக் குடித்து மெல்லுவதற்கு நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பாலப்பத்தில் நடுவிலேயே தேங்காய்ப்பாலை ஊற்றிவிடுவதால் மூன்றாவதாகக் குழைவும் சேர்கிறது. ஆப்பமும் காத்திருக்காது, விளிம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆனால் விளிம்பு தளர்ந்த பின்னும் நடு இருக்கிறது. பேப்பர் ரோஸ்டிடம் இல்லாதது அதுதான்.

ஆகவே தீர்ப்பு இது. முதல் கட்டத்தில் மொறுமொறுப்புக்கு ஒன்றுக்கு ஒன்று; இரண்டாவதில் தாராளமாக அரை; மூன்றாவதில் சுழியம். மூன்றுக்கு ஒன்றரை. தேறிய மதிப்பெண்தான், முதலிடம் அல்ல. கடலைமிட்டாயைப் போலத் தனக்குப் பின்னால் வேறொரு பதத்தைத் திறந்துவிடும்போதும், அப்பளத்தைப் போல மென்மைக்குத் துணை நிற்கும்போதும் மட்டுமே அது இதைத் தாண்டுகிறது. வாயில் வைத்ததிலிருந்து விழுங்கும்வரை மாறிக்கொண்டே போகும் பதத்துக்கே முதலிடம். காய்களில் நுங்கும் பலகாரங்களில் ஆப்பமும் அந்த இடத்துக்கு உரியவை. பேப்பர் ரோஸ்டின் நீளத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், கொடுப்பது கண்ணுக்கும் காதுக்கும்தான் என்று தெரிந்து கொடுக்கட்டும்.