எம்.எஸ். போடும் கணக்கு

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா முதலிடம் பிடித்தது என்று அப்போது செய்தி வந்தது. அதிகம் பேசப்படாத இன்னோர் எண்ணும் அதே கணக்கில் இருந்தது. அவர்களில் 97,556 பேர் வகுப்பறையில் இல்லை. படிப்பை முடித்துவிட்டு, ‘ஓபிடி’ எனப்படும் பயிற்சி அனுமதியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தில் மூன்று பேர்.

பிள்ளை போவது படிக்கத்தான். ஆனால் குடும்பம் காசு கொடுத்து வாங்குவது, படிப்புக்குப் பிறகு வரும் வேலை அனுமதியை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் சிக்கல். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் ‘எஸ்ஓபி’ எனப்படும் நோக்கக் கடிதத்தில் ‘பள்ளி நாட்களிலிருந்தே இயந்திரக் கற்றலில் தீராத ஆர்வம்’ என்று எழுதியிருக்கும். அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கவுன்டரில், படித்து முடித்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்று சொல்லியாக வேண்டும். கடன் எத்தனை வருடத்தில் அடையும் என்று வீட்டில் அப்பாவுக்குக் காட்டும் எக்செல் தாளில் மட்டும் உண்மை இருக்கும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் இந்தக் கணக்குக்கு வந்து சேர்வதில் நியாயம் உண்டு. கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. இங்கேயே எம்.இ. படிக்கலாம் என்றால், கேட் தேர்வில் நல்ல இடம் பிடித்து ஐஐடிக்கோ என்ஐடிக்கோ போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்ற கல்லூரிகளில் வாங்கும் எம்.இ. பட்டத்துக்காக எந்த நிறுவனமும் கூடுதலாகப் பத்தாயிரம் தருவதில்லை. சீனியர் ஒருவர் டல்லஸிலிருந்து கார் படம் அனுப்பும்போது முடிவு பாதி ஆகிவிடுகிறது.

பெற்றோர் வேறு படங்களைக் காட்டுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் நோபல் பரிசு. சுந்தர் பிச்சை 1993-ல் ஸ்டான்ஃபோர்டு போனார். விமான டிக்கெட்டுக்கே தன் அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் ஆனதாக அவரே சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் சந்திரசேகர் போனது அரசு உதவித்தொகையில். பிச்சைக்கும் உதவித்தொகை இருந்தது. குடும்பத்தின் தலையில் விழுந்தது டிக்கெட் செலவு. இன்று எம்.எஸ். என்ற முதுகலைப் படிப்புக்குப் போகும் பெரும்பாலோருக்கு டிக்கெட்தான் இருப்பதிலேயே சின்னச் செலவு. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் எம்.எஸ்.ஸுக்கு அப்படிக் கிடைப்பது அரிது. சொல்லப்போனால் பல துறைகளுக்கு அதுதான் வருமானம்.

கடனை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 55,000 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. முழுத் தொகையும் எடுத்த பிறகு அதுவே வருடத்துக்கு 4.4 லட்சம். டாலரில் சம்பளம் வந்தால் இந்தத் தவணை பெரிய பாரமில்லை. வேலை கிடைக்காமல் திரும்பி வந்து, சென்னையில் ஆண்டுக்கு ஆறு லட்சம் சம்பளத்தில் சேர்ந்தால், கைக்கு வருவதைவிடத் தவணை அதிகம். பொதுத்துறை வங்கிகள் பெரிய தொகைக்குச் சொத்து ஈடு கேட்பதால், பத்திரம் வங்கி லாக்கரில் இருக்கும். அது பெரும்பாலும் அப்பா ஓய்வுக்காகக் கட்டிய ஒரே வீட்டின் பத்திரம்.

ஆக மொத்த முதலீடும் ஒரு வேலை அனுமதியை நம்பி நிற்கிறது. அந்த அனுமதியோ எந்த நாட்டிலும் நிலையாக இருப்பதில்லை. பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012-ல் எடுத்துவிட்டது, 2021-ல் இரண்டு வருடமாகத் திரும்பக் கொடுத்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறது. கனடா 2024 ஜனவரியில், வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு அறிவித்தது. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படித்தவருக்கு ஓபிடி மூன்று வருடம். அதற்குள் எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடம், அங்கே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2024 நிதியாண்டுக்கு வந்த பதிவுகள் 7.8 லட்சம். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் கன்சல்டன்சிக்காரர். பல கன்சல்டன்சிகள் மாணவரிடம் காசே வாங்குவதில்லை. சேர்க்கை நடந்ததும் வெளிநாட்டுக் கல்லூரியே கமிஷன் தருகிறது. கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகம் அவர்கள் பட்டியலில் கீழே போவதை, பட்டியலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் போய் வந்தவர்களில் பலர், படிப்பு வீண் என்று சொல்வதில்லை. இங்கே நான்கு வருடம் ‘முக்கியமான கேள்விகள்’ பட்டியலை மனப்பாடம் செய்தவர், அங்கே முதல் மாதத்திலேயே வாராவாரம் அசைன்மென்ட் எழுதுகிறார். நண்பனின் விடையை அப்படியே இறக்கினால் கல்லூரியை விட்டே போக நேரும். எந்தப் பாடம் எடுப்பது என்று அவரே முடிவு செய்கிறார். பேராசிரியரின் அறைக்குப் போய், புரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். பெண்களுக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. 22 வயதில் ஜாதகக் கட்டு வெளியே வரும் வீட்டில், ‘எம்.எஸ். முடிக்கட்டும்’ என்பது தரகரே ஏற்றுக்கொள்ளும் காரணம். தனி அறை, தன் வங்கிக் கணக்கு, இரவு பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வருவது: எஸ்ஓபியில் எழுதாத இந்த எதிர்பார்ப்புகள்தான் பெரும்பாலும் முதலில் நிறைவேறுகின்றன. இவற்றுக்கு எக்செல் தாளில் கட்டம் கிடையாது.

இந்தச் செலவுக் கணக்குக்கு மாற்றாக இப்போது எல்லோரும் காட்டும் நாடு ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்காக, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வசூலிக்கிறது. வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். ஆனால் அது மாதாமாதம் மாணவருக்கே திரும்பி வரும் பணம். கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றப் பவேரியச் சூத்திரம் உண்டு, அங்கே எண் குறையக் குறைய நல்லது: தேர்ச்சிக்கு 5, உச்சம் 10 என்றால், 8 சிஜிபிஏ அங்கே 2.2 ஆகும். பல படிப்புகள் 2.5-ல் கோடு போடுவதால், 7.5-க்குக் கீழே எடுத்தவருக்குக் கதவு அடைபடும். காசைவிட மதிப்பெண்ணைப் பார்க்கும் இந்த முறை, நடுத்தரக் குடும்பத்துக்கு அமெரிக்க முறையைவிட நேர்மையானது.

அங்கேயும் எதிர்பார்ப்பு ஒரு இடத்தில் இடறுகிறது. பாடம் ஆங்கிலத்தில் என்பதால், நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ தெருமுனை டியூஷனிலோ ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 முடித்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், பெரும்பாலான நிறுவனங்கள் பி2 அளவு ஜெர்மன் கேட்பது தெரிகிறது. படிப்பு முடிந்து வேலை தேட அரசு தருவது பதினெட்டு மாதம். அதில் பாதியை மொழி வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, மீதி மாதங்களில் நேர்காணல்களுக்கு அலைகிறார்கள்.