விளக்குக்கும் தந்திக்கும் ஒரு வரி

ஏதேனும் ஓர் இந்திய வங்கியின் ஆண்டறிக்கையைப் புரட்டி ஒன்பதாம் அட்டவணைக்குப் போங்கள். வங்கி கொடுத்த கடன் முழுவதும் அங்கே இருக்கும், ஒரு முறையல்ல, மூன்று முறை. முதலில் கடன் எந்த வடிவில் போனது என்று பிரித்திருப்பார்கள்: வாங்கிய உண்டியல்கள், ரொக்கக் கடனும் ஓவர்டிராஃப்டும், தவணைக் கடன்கள். கீழே ஒரு கூட்டுத்தொகை. அடுத்து எதை நம்பிக் கொடுத்தார்கள் என்ற பிரிவு: சொத்து ஈடு, வங்கி அல்லது அரசின் உத்தரவாதம், ஈடே இல்லாதது. கீழே அதே கூட்டுத்தொகை. மூன்றாவது, யாருக்குப் போனது: முன்னுரிமைத் துறை, பொதுத்துறை, வங்கிகள், மற்றவர்கள், வெளிநாட்டுக் கிளைகள் இருந்தால் அங்கே கொடுத்தது. மறுபடியும் அதே தொகை, கடைசி இலக்கம் வரை.

கணக்கு எழுதியவருக்கு இது சட்டம் சொன்ன படிவம், அவ்வளவுதான். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருப்புநிலைக் குறிப்புக்கு ஒரு படிவம், லாப நட்டக் கணக்குக்கு ஒரு படிவம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆனால் நாட்டின் வங்கிகளைப் பற்றித் தரவு திரட்ட உட்கார்ந்தவருக்கு இதைவிடச் சுவையான பக்கம் கிடையாது. எப்படி, எதை நம்பி, யாருக்கு என்று ஒரே பணத்திடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார் படிவத்தை வகுத்தவர். பத்து ஆண்டுகளின் ஒன்பதாம் அட்டவணைகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு வங்கி நடைமுறை மூலதனக் கடனை விட்டு நீண்டகாலத் தவணைக் கடன் பக்கம் சாய்ந்ததும், ஈடில்லாக் கடனில் துணிந்து இறங்கியதும் தெரிந்துவிடும். லாபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சாய்வு சில ஆண்டுகள் கழித்து, வாராக்கடன் உருவில்தான் தெரியவரும்.

வங்கிகளின் செயல்பாட்டை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் முடிவுகளைப் பேசுவார்கள்: எந்த வங்கி திறமையானது, தனியாரா அரசா, சொத்தின் மீதான வருவாய் எவ்வளவு. எனக்கு அதற்கு முந்தைய வேலைதான் பிடிக்கும். எண்களைச் சேகரித்து, சரிபார்த்து, ஒரே வரிசையில் நிறுத்தும் வேலை. குமாஸ்தா வேலை என்று பலர் ஒதுக்கும் அந்த இடத்தில்தான் ஆய்வின் பாதி முடிவாகிறது என்பது என் எண்ணம்.

செலவுகளைச் சொல்லும் பதினாறாம் அட்டவணையைப் பாருங்கள். ஊழியர் சம்பளம் முதல் வரி. அடுத்த வரி, வாடகை, வரி, விளக்கு. குளிர்சாதனமும் கணினி அறையும் இழுக்கிற மின்சாரம் எல்லாம் இன்றும் அந்த விளக்குக் கணக்கில்தான். பிறகு அச்சும் எழுதுபொருளும், விளம்பரம், தேய்மானம், இயக்குநர் கட்டணம், தணிக்கையாளர் கட்டணம், வழக்குச் செலவு. அதன்பின் தபால், தந்தி, தொலைபேசி. நாட்டில் தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. படிவத்தில் தந்திக்கு இடம் இருந்தபடியே இருந்தது. மென்பொருளுக்கும் ஏடிஎம் வலையமைப்புக்கும் தனி வரி கிடையாது. அவற்றில் பெரும்பகுதி கடைசியில் இருக்கும் 'பிற செலவுகள்' என்ற வரிக்குள் மறைந்துவிடும். தொழில்நுட்பம் வங்கிகளின் செலவைக் குறைத்ததா என்று கேட்டுக்கொண்டு வருபவர் 'பிற செலவுகள்' ஆண்டுக்கு ஆண்டு வீங்குவதைத்தான் பார்ப்பார். படிவத்தை எவ்வளவு ரசித்தாலும் இது அதன் பெரிய குறை என்று சொல்லத்தான் வேண்டும்.

லாப நட்டக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒதுக்கீடுகள் என்று ஒரே ஒரு வரி. வாராக்கடனுக்காக எடுத்து வைத்ததும் அதில்தான், வருமான வரிக்காக எடுத்து வைத்ததும் அதில்தான். ஒன்று வங்கியின் தவறான கணிப்புக்கு விலை, மற்றது லாபம் வந்ததற்கு விலை. இரண்டும் கைகோத்து ஒரே எண்ணாக நிற்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பதினெட்டாம் அட்டவணைக்கு, அதாவது கணக்குகளுக்கான குறிப்புகளுக்கு, போக வேண்டும். வாராக்கடன் என்று வங்கி தானே சொன்ன தொகைக்கும் ரிசர்வ் வங்கி ஆய்ந்து கண்ட தொகைக்கும் இடைவெளி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதை வெளியிட வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. அந்த வெளியீடும் இந்தப் பொடி எழுத்துக் குறிப்புகளில்தான் வரும். பழைய நூல்களை உரையோடு படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மூலம் இரண்டு அடி, உரை இரண்டு பக்கம், விஷயமெல்லாம் உரையில்.

வங்கிக்கு வங்கி அறிக்கை தேட வேண்டியதில்லை என்பது நமக்கு வாய்த்த பெரும் வசதி. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வங்கிவாரியாகப் புள்ளிவிவர அட்டவணைகளை வெளியிடுகிறது. வங்கித் துறையின் போக்கும் முன்னேற்றமும் பற்றிய தனி அறிக்கை ஒன்றையும் சட்டப்படி ஆண்டுதோறும் தருகிறது. இந்த வெளியீடுகளில் என்னை மிகவும் கவர்ந்தவை எண்களே அல்ல, இரண்டு குறிகள். கட்டத்தில் சிறு கோடு இருந்தால் அந்தத் தொகை இல்லை, அல்லது சொல்லும்படி இல்லை. இரண்டு புள்ளி இருந்தால் தகவல் கிடைக்கவில்லை. இல்லை என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் இடையே அட்டவணை தயாரித்தவர் காட்டிய நேர்மை அது. எக்செல்லில் ஏற்றும்போது அவசரப்பட்டு இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் அந்த நேர்மை அங்கேயே போய்விடும். பிறகு போடும் சராசரி எல்லாம் சாய்ந்துதான் நிற்கும்.

காலத்தை ஒட்டியும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு காலத்தில் நம் வங்கிகள் டிசம்பர் 31 அன்று கணக்கை முடித்தன. அதை மார்ச் 31க்கு மாற்றியபோது இடையில் ஒரு கணக்காண்டு 1988 ஜனவரி தொடங்கி 1989 மார்ச் வரை பதினைந்து மாதம் நீண்டது. அந்த ஆண்டில் வட்டி வருமானமும் உயரும், சம்பளமும் உயரும், லாபமும் உயரும். விவரம் தெரியாதவர் அதை வங்கிகளின் பொற்காலமாகக் கொண்டாடிவிடலாம். ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்துக்கொண்டால் ஆண்டுக் கணக்குக்கு அருகில் வரும். என்னைக் கேட்டால், குறைத்ததை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

வாராக்கடன் வரிசையோ இன்னும் நுட்பமானது. நரசிம்மம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1992-93இல்தான் இன்று நாம் புரிந்துகொள்ளும் பொருளில் வாராக்கடன் என்ற எண்ணே பிறக்கிறது. அதற்கு முன் எட்டு வகையாகக் கடன்களின் நலம் குறிக்கும் முறை இருந்தது. அதை இதோடு ஒட்ட முடியாது. பிறந்த பிறகும் அளவுகோல் நிலையாக நிற்கவில்லை. முதலில் நான்கு காலாண்டு நிலுவை, அடுத்த ஆண்டு மூன்று, அதற்கடுத்து இரண்டு, 2004 மார்ச்சிலிருந்து 90 நாள். ஒரு கடனாளி ஒரே மாதிரி தாமதித்துக்கொண்டிருந்தாலும், ஒரு மார்ச்சில் நல்ல கடனாகவும் அடுத்த மார்ச்சில் வாராக்கடனாகவும் மாறியிருப்பார். மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11.2 விழுக்காட்டைத் தொட்டபோது அந்தக் கடன்கள் அந்த ஆண்டிலா கெட்டன? 2015இல் ரிசர்வ் வங்கி நடத்திய சொத்துத் தர ஆய்வு, முன்பே கெட்டிருந்த பலவற்றைக் கெட்டது என்று சொல்ல வைத்தது. கோடு ஏறியதில் நோய் எவ்வளவு, நோயைக் கண்டுபிடித்தது எவ்வளவு என்று வரைபடம் சொல்லாது. பக்கத்தில் தேதிகளை வைத்துக்கொண்டு பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இணைப்புகள். குளோபல் டிரஸ்ட் வங்கி 2004இல் ஓரியண்டல் வங்கியோடு சேர்ந்தது. ஓரியண்டல் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கியோடு சேர்ந்தது. கோழிக்கோட்டின் பழைய நெடுங்காடி வங்கி 2003லேயே அங்கே போய்விட்டது. இன்றைய பஞ்சாப் நேஷனல் வங்கி என்ற ஒரே வரிக்குள் இத்தனை பேரேடுகள் புதைந்திருக்கின்றன. அதே 2020 ஏப்ரலில் சென்னையின் இந்தியன் வங்கி, தன்னைவிட வயதில் மூத்த அலகாபாத் வங்கியைச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய இணைப்புக்கு அடுத்த ஆண்டறிக்கையில், முந்தைய ஆண்டு எண்கள் இணைப்புக்கு முந்தியவை, ஒப்பிடத்தக்கவை அல்ல என்ற குறிப்பு வரும். அதைப் படிக்காமல் வளர்ச்சி விகிதம் போட்டால் வங்கி ஒரே ஆண்டில் மாயம் செய்ததுபோல் இருக்கும். சராசரிச் சொத்தின் மீதான வருவாய் இன்னும் தந்திரமானது. ஆண்டுத் தொடக்கத்து எண் ஒரு வங்கியுடையது, முடிவு எண் இரண்டு வங்கிகளுடையது. அவற்றின் சராசரி யாருடைய சொத்தும் அல்ல.

பெயர் மாறாமலே இடம் மாறியவையும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 51 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டதும், 2019 ஜனவரி 21 முதல் ஐடிபிஐ வங்கியைத் தனியார் வங்கி என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்தியது. கிளை அதே, ஊழியர் அதே, கடன் அதே. ஆனால் அதன் கனமான வாராக்கடன் அரசு வங்கிகளின் பத்தியிலிருந்து தனியார் பத்திக்கு நகர்ந்தது. அந்த ஆண்டு தனியார் வங்கிகள் சற்று நோயுற்றன, அரசு வங்கிகள் சற்றுத் தேறின, காகிதத்தில். கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டதால், கரூர்க்காரர்களின் வைப்புத்தொகை இப்போது அயல்நாட்டு வங்கிகளின் பத்தியில் கூட்டப்படுகிறது.

இப்படி மறைந்த வங்கிகளை விட்டுவிட்டு, இன்று உயிரோடு இருப்பவற்றை மட்டும் இருபது ஆண்டு பின்னோக்கி எடுப்பது சுலபம். பலரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அதனால் தடுமாறி விழுந்தவை எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும், மிச்சமிருப்பவை எல்லாம் நன்றாக நடந்தவை. இந்திய வங்கித்துறை உண்மையில் இருந்ததைவிட அழகாகத் தெரியும்.

தரவு சேர்ந்த பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. வைப்புத்தொகை வங்கி பயன்படுத்தும் மூலப்பொருளா, வங்கி தரும் சேவையா? 1977இல் சீலியும் லிண்ட்லியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மூலப்பொருள் கட்சி வலுத்தது. ஆனால் 1997இல் பட்டாச்சார்யா, லவல், சகாய் ஆகிய மூவரும் எழுபது இந்திய வங்கிகளை 1986 முதல் 1991 வரை ஆராய்ந்தபோது வைப்பைச் சேவையின் பக்கம் வைத்தார்கள். அரசு வங்கிகளே முன்னணியில் நின்றன. அவை தேசியமயத்துக்குப் பிறகு ஊர் ஊராகக் கிளை திறந்து வைப்புத் திரட்டியவை. அந்த உழைப்பை விளைவாகக் கணக்கிட்டால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? அது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அது நியாயமான ஒரு விடை. வாராக்கடன் விதி வருவதற்கு முந்தைய காலம் அது என்பதையும், அந்தப் பதினைந்து மாத ஆண்டு அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இந்த அட்டவணைகள் ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. வங்கிகளைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள், எந்த வங்கியை எதோடு சேர்த்தோம், எந்த ஆண்டை எப்படிச் சரிசெய்தோம், எந்தக் கட்டத்தை வெற்றாக விட்டோம் என்று ஒரு பக்கம் தனியாக எழுதிவிடுங்கள். வழிகாட்டும் பேராசிரியர்கள் முடிவுரைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.