தாமே பூண்ட அடிமைப் பெயர்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் புத்தளக் கரையிலுள்ள தில்லையடியிலும் அதன் அயலிலும் குடியமர்ந்தனர். 'அகதி' என்ற பெயர் பிறர் அவர்களுக்கு இட்டது. அவர்கள் விரும்பிப் பூண்டதன்று. பிறர் சுமத்தும் இழிபெயர் வேறு, ஒருவர் தாமே ஏற்கும் தாழ்மைப் பெயர் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே ஆதிக் கிறிஸ்தவக் கடிதங்களை நாம் படித்தல் வேண்டும்.

உரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் தம்மைக் கிறிஸ்துவின் அடிமை என்கிறார். கிரேக்க மூலத்தில் 'தூலொஸ்' என நிற்கும் அச்சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'ஊழியக்காரன்' என்று மென்மைப்படுத்திவிட்டது. மொழிபெயர்த்தவர்களுக்கும் மானம் இருந்தது போலும்! பகைவர் மதிலில் முதலில் ஏறிய வீரனுக்கு உரோமர் பொன்முடி சூட்டினர். பவுலோ, தமஸ்கு மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டுத் தப்பியதைக் கொரிந்தியருக்குத் தம் பெருமையாக எழுதுகிறார்.

ஆயினும், சுதந்திரமுள்ள ஒருவர் தம்மை 'அடிமை' என எழுதுவது எளிது. பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்திலேதான் அச்சொல் உரைகல்லில் ஏறுகிறது. ஒநேசிமு மெய்யாகவே அடிமை. அவனை அடிமையாகவன்றிச் சகோதரனாக ஏற்குமாறு எசமானனை வேண்டும் பவுல், அவன் கடன்பட்டிருப்பின் தாமே தீர்ப்பதாகக் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. கடிதம் பிலேமோனை மட்டுமன்றி, அவன் வீட்டிற் கூடும் சபையாரையும் விளித்து எழுதப்பட்டது. மறுத்தால் சபையறிய நாணம். இசைந்தால் சபையறியப் பெருமை. எசமானனின் மானவுணர்ச்சியையே அடிமையின் பக்கம் திருப்பிய சாதுரியம் இது. எனினும், 'விடுதலை செய்' என்ற நேர்ச்சொல் அக்கடிதத்தில் இல்லை. இக்குறையை மூடி மறைப்போர் பவுலுக்கு நன்மை செய்பவரல்லர்.

கோவாவில் பிராமணக் குடும்பத்திற் பிறந்த யோசே வாஸ் அடிகள், 1677 இல் தம்மை மரியன்னைக்கு அடிமையாக்கித் தாமே ஆளோலை எழுதினார். 1687 இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்துக்குக் கூலியாள் கோலத்தில் வந்தார். 1690 இல் புத்தளம் சேர்ந்தார். உயர்குலத்தார் ஒருவர் அக்கோலம் பூண்டது சிறிய காரியமன்று. ஆனால், அவர் வாழ்நாளிலேயே, 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகள் என எழுதிவைத்தது. அந்த ஆளோலை அவர்கள் எழுதியதன்று. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1844 இலேதான்.