பட்ட பாடும் சொன்ன சாட்சியும்

இயேசுவின் துன்பத்துக்கு நம் முன்னோர் எடுத்துக்கொண்ட சொல் ‘பாடு’. வேதனை, உபாதை, இடர் என்று எத்தனையோ சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. நாற்று நடுகிறவள் படுவதும் பாடு, வட்டி கட்டுகிறவன் படுவதும் பாடு. அதனால் குருத்து ஞாயிறன்று ஆண்டவருடைய பாடுகள் வாசிக்கப்படும்போது பின்வரிசையில் நிற்கும் கூலிக்காரருக்கும் அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியிருப்பதில்லை.

இன்னொரு சொல் சாட்சி. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரைக் கத்தோலிக்கர் வேதசாட்சி என்போம்; சீர்திருத்த சபையார் இரத்தசாட்சி என்பார்கள். மூல கிரேக்கச் சொல்லும் வழக்கு மன்றத்தில் தான் கண்டதைச் சொல்கிறவரையே குறிக்கும். ஒருவர் பாடுபடுகிறார், சரி. அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்வது யார்? பட்டவரா, பார்த்தவரா, பிரசங்கியாரா? மரபுகள் பிரிவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். மலர்க் குழுவினர் கேட்டது வேதசாட்சிகளைப் பற்றிய கட்டுரை. நான் சற்றே விலகிப் போவதைப் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

துன்பத்தைத் தேடிப்போய் வாங்குவதை ஆதித் திருச்சபை மெச்சவில்லை. 250இல் தேசியு மன்னனின் வேதகலாபனை வந்தபோது கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் ஊரைவிட்டு மறைந்தார். ஓடிப்போனவர் என்ற ஏச்சும் வாங்கினார். 258இல் அதே சிப்பிரியான் தலைவெட்டுப்பட்டு இறந்தார். பிறர் சிலைகளை உடைக்கப் போய் அங்கேயே கொல்லப்பட்டவரை வேதசாட்சிப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று ஸ்பெயின் நாட்டு எல்விரா சங்கம் விதித்தது. ஒருவரை வேதசாட்சி ஆக்குவது அவர் அடைந்த தண்டனை அல்ல, அதன் காரணம் என்று அகுஸ்தீனார் வாதிட்டார். ‘அடிபட்டவன் சொல்வதெல்லாம் சரி’ என்ற எளிய கணக்கை அன்றே மறுத்திருக்கிறார்கள். இன்றும் அது தேவைப்படும் மறுப்புதான்.

தமிழ் மண்ணில் இந்த அளவுகோலுக்கு முதலில் வந்து நின்ற பெரிய வழக்கு அருளானந்தருடையது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ பண்டாரசுவாமி கோலத்தில் மறவர் சீமையில் நடந்தவர். 1686இல் பிடிபட்டு வதைபட்டார். ஐரோப்பா போனவர் 1690இல் திரும்பி வந்தார். மறவர் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. முடிவு, 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டு. முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்துக்கு மை கிடைக்கவில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதினார். ஓரியூருக்குப் போகிறவர்கள் சிவந்த மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருகிறார்கள். எனக்கு மண்ணைவிட அந்தக் கரிமைதான் பெரிது. தன் பாட்டுக்கான பொருளைத் தானே எழுதிவைத்துப் போனவர் அவர். உரோமையோ, அவர் கைக்கொண்ட மலபார் சடங்குமுறைகள் சரிதானா என்று நெடுநாள் வழக்காடி, 1853இல் முத்திப்பேறும் 1947இல் புனிதர் பட்டமும் தந்தது.

தேவசகாயம் கதையில் பலரும் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்த அவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியாள். கால்நடைகளும் பயிரும் போய் மனம் சோர்ந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. யார் இந்த டிலனாய்? 1741 குளச்சல் போரில் தோற்று, பிடித்தவரிடமே படைத்தலைவனாக வேலை பார்த்த டச்சுக் கம்பெனித் தளபதி. ஊரையும் கொடியையும் இழந்த ஒருவர், மாட்டை இழந்த ஒருவரிடம் யோபுவைப் பேசுகிறார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் கூட இருந்தவரை நல்லவர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபின் கடவுளிடமே திட்டு வாங்கினார்கள். டிலனாய் அந்தப் பிழையைச் செய்ய வாய்ப்பில்லை, அவரே சாம்பலில் உட்கார்ந்திருந்தவர்.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு கைது, எருமைமேல் ஏற்றி ஊர்வலம், எருக்கமாலை, பெருவிளை வேப்பமரத்தடிக் காவல். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று இருக்கிறது. கல்லால் தட்டினால் வெண்கலம்போல ஒலிக்கும். வருகிறவர்களெல்லாம் தட்டுகிறார்கள், நானும் தட்டினேன். அவர் செத்தது அரச துரோகத்துக்காக, விசுவாசத்துக்காக அல்ல என்று எதிர்வாதம் செய்தவர்கள் உண்டு. 2022 மே 15இல் உரோமை தீர்ப்பளித்துவிட்டது. பட்டப்பெயரிலிருந்து சாதிப்பெயரை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.

எல்லாரும் கழுத்தை நீட்டிவிடவில்லை. சாத்தான்குளம் பக்கத்தில் புதுக் கிறிஸ்தவர்களின் வீடுகளும் ஜெபக்கூடமும் இடிக்கப்பட்டபோது, 1799இல் தாவீது சுந்தரானந்தம் அவர்களைத் தனி நிலத்தில் குடியேற்றினார். அதுதான் முதலூர். காவலுக்குத் தடிக்கம்புக்காரர்களையும் அவர் திரட்டினார். மிஷனரிமாருக்கு அது பிடிக்கவில்லை. மறுகன்னத்தை யார் காட்டவேண்டும் என்று கோட்டைக்குள் இருப்பவர் தீர்மானிப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. தடியெடுத்ததைப் புகழவும் வாய் வரவில்லை. தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக அடிபட்ட பெண்கள் வேறு வழியில் போனார்கள். அந்தப் பாட்டுக்கு மறுமையில் கூலி கிடைக்கும் என்று காத்திருக்கவில்லை. இம்மையிலேயே மேலாடை கேட்டார்கள். 1859இல் அரசாணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நூற்றாண்டு மலர்களில் அதிகம் எழுதப்படாத பாடொன்றும் இருக்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த கோவில், சாதிக்கொரு புறமாக இரண்டு கால்போலக் கட்டப்பட்டு ‘கால்சட்டைக் கோவில்’ என்று பேர் வாங்கியது. நடுவே நின்ற சுவர் 1910வரை நின்றது. துன்புறுத்தியவன் வெளியாளாக இருக்கும்போது நம் நாவு நீள்கிறது. சுவர் நாமே கட்டியதாக இருந்தால் ‘சிலுவையைச் சுமந்துகொள்’ என்ற அறிவுரை வந்துவிடுகிறது. 1980களில் எழுந்த தலித் இறையியல் இந்த அறிவுரையைத்தான் பிடித்து உலுக்கியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று தெருவுக்குத் தெரிந்தவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்து, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். இவ்வளவுக்குப் பிறகும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அது.

கடைசியாக அழுகை மரபு. ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு மரபாகவே எண்ணுவதில்லை. ஈழத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் எழுதிய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகமிழுத்து வாசித்தவர்களும், பெரிய வெள்ளி இரவில் ஆசந்தியின் பின்னால் ஒப்பாரி வைக்கும் நம் கடற்கரைப் பெண்களும் இந்த வழியில் வருகிறவர்கள். இவர்கள் துன்பத்துக்குப் பொருள் தேடுவதில்லை, அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தேடுகிறார்கள். உள்ளதில் உயர்ந்தது எது என்று கேட்டால் நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

என் அம்மாச்சியின் இளைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்த பிரசங்கியார் ஒருவர், ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார் என்றார். அம்மாச்சி வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, “இத மாதாகிட்ட போயிச் சொல்லுங்க சாமி, அவுகளுக்குப் புடிக்கிதான்னு பாப்பம்” என்றாள்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு ஆசந்தியில் கிடத்திய சுரூபத்தின் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தவள் அவள்தான். முள்முடி வந்தது, ஆணி வந்தது, ஈட்டி வந்தது. பிறகு அறுந்த பாய்மரக் கயிறு வந்தது, கரையேறாத வள்ளம் வந்தது. சுற்றியிருந்த பெண்கள் எந்த அடி யாருக்கு என்று கேட்காமல் எல்லா அடிக்கும் மாரில் அடித்துக்கொண்டார்கள்.