மஜீதின் கதவு: ஹனேக்கேயின் ‘கஷே’ திரைப்படத்தை முன்வைத்து

ஒரு தெரு. எதிரே ஒரு வீடு. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். இரண்டு நிமிடங்களுக்கும் மேலாக வேறெதுவும் நிகழ்வதில்லை. இறுவட்டுத்தான் பழுதோ என்று கணினியை ஒரு தடவை தட்டியும் பார்த்தேன். பிறகு இருவர் பேசும் குரல் கேட்கிறது; காட்சி சடுதியாகப் பின்னோக்கி ஓடுகிறது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது தெருவையல்ல, அத்தெருவை யாரோ களவாகப் பதிவுசெய்த வீடியோ நாடாவை.

ஒஸ்திரிய நெறியாளர் மைக்கேல் ஹனேக்கேயின் ‘கஷே’ 2005இல் வெளிவந்தது. அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நெறியாளருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. மறைக்கப்பட்டது என்பது தலைப்பின் பொருள். பாரிஸில் வாழும் ஜோர்ஜ், தொலைக்காட்சியில் நூல்கள் பற்றிய நிகழ்ச்சி நடத்துபவன். மனைவி ஆன் பதிப்புத்துறையில் இருப்பவள். அவர்களது வாசலில் நாடாக்கள் வந்து விழுகின்றன, குழந்தை கீறியது போன்ற இரத்தம் வடியும் படங்களில் சுற்றப்பட்டு. மிரட்டல் கடிதமில்லை. பணமும் கேட்கப்படவில்லை. தாக்குதல் நடந்தாலன்றித் தம்மால் எதுவும் செய்யவியலாது என்கிறது பொலிஸ்.

இப்படத்தில் இசையே கிடையாது. நாடாக் காட்சிகளும் ஏனைய காட்சிகளும் ஒரே வகை டிஜிட்டல் கெமராவினால் எடுக்கப்பட்டவை. ஆகவே அந்த வீடு அசையாமல் திரையில் தோன்றும் ஒவ்வொரு தடவையும், இப்போது பார்ப்பது யார் என்ற சந்தேகம் நம்மையும் பிடித்துக்கொள்கிறது. இருட்டோ கத்தியோ தேவைப்படாமல், சாப்பாட்டு மேசையையும் மகனின் பாடசாலையையும் வைத்தே அச்சத்தைக் கட்டியெழுப்பியிருப்பது சாதாரண சாதனையல்ல.

ஒரு நாடா, ஜோர்ஜை ரொமன்வில் புறநகரின் மாடிக் குடியிருப்பொன்றுக்கு இட்டுச்செல்கிறது. அங்கே இருப்பவன் மஜீத். அவனது தாய் தந்தையர் ஜோர்ஜ் வீட்டுப் பண்ணையில் வேலை செய்த அல்ஜீரியர்கள். 1961 ஒக்டோபர் 17ஆம் திகதி, அல்ஜீரியருக்கென்றே விதிக்கப்பட்ட இரவு ஊரடங்கை எதிர்த்துப் பாரிஸில் நடந்த ஊர்வலத்துக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. அன்றைய பொலிஸ் தலைவர் மொரிஸ் பப்போன். அவர் யூதர்களை நாடுகடத்தியமைக்காக 1998இல் தண்டிக்கப்பட்டார். இந்த இரவுக்காக அல்ல. மரணங்கள் மூன்று என்றே நெடுங்காலம் அரச தரப்புச் சொல்லி வந்தது. வரலாற்றாசிரியர்களின் கணக்குகளோ சில பத்துகளிலிருந்து இருநூறுக்கும் மேல் வரை போகின்றன. 2001இல் சென் மிஷேல் பாலத்தருகே ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. அரசுத் தலைவர் ஒருவர் அதனை ஏற்றுப் பேச 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் இதெல்லாம் ஜோர்ஜ் மனைவியிடம் சொல்லும் சில வசனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. செய்ன் நதியைக் கெமரா தேடிப் போவதேயில்லை.

அனாதையான மஜீதைத் தத்தெடுக்க ஜோர்ஜின் பெற்றோர் எண்ணினர். ஆறு வயது ஜோர்ஜ் கோள் மூட்டினான். மஜீத் இரத்தம் துப்புகிறான் என்றான். டொக்டர் வந்து பார்த்தார், எதுவுமில்லை. பிறகு, வாப்பா சொன்னதாகப் பொய் சொல்லிச் சேவலை அறுக்க வைத்து, என்னைப் பயமுறுத்தவே அறுத்தான் என்றான். மஜீத் அனாதை விடுதிக்கு அனுப்பப்பட்டான்.

இருபது வருடமாகச் சிறுவர்களோடு காலந்தள்ளுபவன் நான். ‘சேர், இவன்தான் செய்தான்’ என்று நாளொன்றுக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் பொய் எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அதை விசாரியாமல் ஏற்றுக்கொண்ட பெரியவர்களே உறுத்துகிறார்கள். அந்தப் பொய் அவர்களுக்கும் வசதியாக இருந்திருக்குமோ? முதிய தாயிடம் ஜோர்ஜ் மஜீதைப் பற்றிக் கதைக்கும் காட்சியில், அவளுக்கு அவனை நினைத்துப் பார்க்கவும் விருப்பமில்லை. படத்தின் ஆகக் கூர்மையான இடம் அதுவே என்பேன்.

பின்தொடரப்படுபவன் ஜோர்ஜ் என்றுதான் கதை தொடங்குகிறது. ஆனால் யார் யாருடைய கதவைத் தட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தேடிப்போய் மிரட்டுவது ஜோர்ஜ். தன் மகன் பியரோ ஓரிரவு வீடு திரும்பாதபோது பொலிஸைக் கூட்டிக்கொண்டு போவதும் அவனே. மஜீதும் அவன் மகனும் அன்றிரவு அடைத்து வைக்கப்படுகிறார்கள். பியரோ கூட்டாளி வீட்டில் உறங்கியிருக்கிறான்! யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பின்னர் மஜீத் ஜோர்ஜை வரவழைத்து, அவன் கண்முன்னே தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். அந்த நாற்பத்து நான்கு வருடங்களை அவன் எப்படி வாழ்ந்தான், என்ன தொழில் செய்தான், யாரை மணந்தான்? ஒன்றும் தெரியாது. ஜோர்ஜின் அச்சத்துக்கு முழுப்படம். மஜீதின் வாழ்வுக்கு ஒரு குசினி. கதை ஜோர்ஜின் நோக்கில் சொல்லப்படுவதால் அப்படித்தான் இருக்கும் என்று நண்பரொருவர் வாதிட்டார். பாதி சரி. ஆனால் ஜோர்ஜ் போன பின் மஜீத் தனியே அமர்ந்து அழுவதை ஒரு நாடா காட்டுகிறதே. அந்நோக்கை விட்டு வெளியேற ஹனேக்கேயால் முடிந்திருக்கிறது. அங்கே அவர் தங்கவில்லை. நம் பெயர்களைத் தாங்கியவர்கள் பிறருடைய குற்றவுணர்வைக் கிளறுவதற்காகவே செத்துப்போகும் கதைகள் உலகில் நிறைய உண்டு. இவ்வளவு நேர்மையான படமும் அதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

நாடாவை அனுப்பியது யார் என்று படம் சொல்வதில்லை. இறுதிக் காட்சி பியரோவின் பாடசாலைப் படிக்கட்டு. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் கலைந்து போகிறார்கள். அக்கூட்டத்தின் இடது மூலையில் மஜீதின் மகன் வந்து பியரோவோடு கதைக்கிறான். முதற்தடவை நான் அதைக் கவனிக்கவேயில்லை. மருமகன்தான் திரையில் விரலை வைத்துக் காட்டினான். என்ன கதைக்கிறார்கள் என்பது கேட்பதில்லை.